பேழைத் திறப்பு என் மடியில் இருந்த சனிக்கிழமை

நம்முடைய பங்குச் சுவாமி மாற்றலாகிப் போகிறார். பிரியாவிடை மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தாருங்கள், பழைய சுவாமிமார் வந்ததையும் போனதையும் கண்டவர் நீங்கள்தான் என்று பங்குச் சபையில் கேட்டார்கள். ஒரு பக்கத்துக்குள் அடங்குகிற சீவியம் இல்லை என்னுடையது. கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் கோவிலில் நாற்பத்தொரு வருடம் சங்கிலித்தாமாக இருந்தவன் நான். மணியடிப்பது, பீடம் ஆயத்தப்படுத்துவது, பூசை உடுப்பு மடிப்பது, பாத்திரங்கள் காவல் காப்பது எல்லாம் சங்கிலித்தாமின் வேலை. ஏழு சுவாமிமாரை வாசலில் நின்று வரவேற்றேன். ஆறு பேரை அதே வாசலில் வழியனுப்பினேன். ஏழாமவர் என்னை வழியனுப்பினார்.

மூன்றாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. அப்பா துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். பதினேழு வயதில் கோபுரத்துக்குச் சுண்ணாம்பு அடிக்க ஏறினேன். இறங்கியபோது மணிக்கயிறு கையில் இருந்தது, அதன்பின் அதை விடவில்லை. இலத்தீன் மன்றாட்டை எல்லாம் காதால் கேட்டே பாடமாக்கினேன். பிறகு பூசை தமிழுக்கு மாறியபோது, மாறினால் மாறட்டும் என்று ஒரு மாதத்தில் அதையும் பாடமாக்கினேன். மூன்று மணிகளையும் இரண்டு கையாலும் ஒரு காலாலும் தனியாக அடிக்கிற ஆள் கொழும்பிலே என்னைத் தவிர யாரும் இருந்ததாக நான் கேள்விப்படவில்லை. இதை எல்லாம் முதலில் சொல்லிவைக்கிறேன். பின்னால் சொல்லப்போவது என் பெருமைக்கு உரியது இல்லை.

கஸ்பார் சுவாமியிடம் பன்னிரண்டு வருடம் வேலை செய்தேன். மன்னார்ப் பக்கத்து ஆள். உயரமானவர், மெல்லப் பேசுவார், கோபம் வந்தால் இன்னும் மெல்லப் பேசுவார். அவர் குரல் கேட்காமல் போனால் நான் நடுங்குவேன். யுத்த காலத்தில் இந்தப் பங்கிலே அவர் செய்த வேலை பூசைப் புத்தகத்தில் இல்லாத வேலை. லொட்ஜில் தங்கியிருந்த பெடியனைப் பொலிஸ் கொண்டுபோனால், தாய் முதலில் ஓடிவருவது சுவாமியிடம். அவர் வெள்ளை அங்கியைப் போட்டுக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு, ஸ்டேசன் வாங்கிலே போய் உட்காருவார். சண்டை பிடிக்கமாட்டார். "நான் இருக்கிறன், நீங்க உங்கட வேலையைப் பாருங்கோ" என்பார். ஆறு மணித்தியாலம், ஏழு மணித்தியாலம். அவர் எழுந்து போகவேண்டும் என்பதற்காகவே பல பேரை விட்டிருக்கிறார்கள்.

வேலையில் அவருடைய ஒழுங்கு கல்லில் வெட்டியது போன்றது. அதிலும் பேழைத் திறப்பு. நற்கருணை வைத்துப் பூட்டுகிற பேழை பீடத்தின் நடுவில் இருக்கிறது. அதன் திறப்பு சுண்டுவிரல் நீளம், பொன்முலாம் பூசியது, சிவப்புப் பட்டுக் குஞ்சம் கட்டியது. இரண்டாவது திறப்பு எந்தக் காலத்திலோ பூட்டுக்குள் முறிந்துபோனது. இருந்தது இந்த ஒன்றுதான். பூசை முடிந்ததும் சுவாமி பேழையைப் பூட்டி, முழங்காலிட்டு எழுந்து, திறப்பை என் உள்ளங்கையில் வைப்பார். நான் அதைச் சக்கிரீஸ்துவுக்குள், அதாவது பூசைச் சாமான் இருக்கும் அறைக்குள், கொண்டுபோய் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, வந்து தலையை ஒருதரம் ஆட்டவேண்டும். அதன்பிறகுதான் அவர் உடுப்பைக் கழற்றுவார். பன்னிரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட நான் தலையாட்டுவதற்கு முன்னே அவர் உடுப்புக் கழற்றியதில்லை. "அந்தத் திறப்பு கேற்றுக்கு வெளியால போகக்கூடாது, சவிரி" என்று முதல் நாள் சொன்னார். இரண்டாம் முறை சொல்லவில்லை.

ஒரு சுவாமி போய் இன்னொருவர் வரும்போது நம் பங்கிலே ஒரு வழக்கம் இருந்தது. போகிறவர் கோவில் வாசல் திறப்பையும் ஞானஸ்நானப் புத்தகத்தையும் வருகிறவர் கையில் கொடுப்பார். கடைசியாகப் பேழைத் திறப்பைச் சங்கிலித்தாம் தட்டில் வைத்துக் கொண்டுவருவான். புதியவர் அதை எடுத்து, பேழையைத் திறந்து, முழங்காலிடுவார். அப்போது மணி அடிக்கும். மேலிடத்துக் கடிதம் வந்த அன்றே அவர் பங்குச் சுவாமிதான். ஆனால் சனங்களுக்கு அந்த மணி அடித்தால்தான் சுவாமி. நானும் அப்படித்தான் நம்பினேன். திறப்பு இல்லாவிட்டால் மணி இல்லை, மணி இல்லாவிட்டால் மாற்றம் இல்லை.

கஸ்பார் சுவாமிக்கு மாற்றம் வந்தது. வெள்ளவத்தைப் பக்கம் போகச் சொல்லியிருந்தார்கள். பஸ் ஏறினால் போய்விடுகிற தூரம். ஆனால் அந்தப் பக்கத்துப் பொலிஸ் ஸ்டேசன் வேறு. இங்கே யார் வாங்கில் உட்காருவது? வரப்போகிறவர் நீர்கொழும்புக் கரையைச் சேர்ந்த சிங்களவர், சுனில் ஃபாதர். தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பார், பேசமாட்டார் என்று கேள்வி.

கோவில் வளவில் அன்று கூடிய கூட்டத்தில் கதை சூடாகத்தான் இருந்தது.

"பாவசங்கீர்த்தனம் என்னெண்டு சொல்றது? கையாலயா காட்டுறது?" என்று கேட்டாள் றெஜினா. யாழ்ப்பாணக் கரையில் இருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். நாக்கு நீளம்.

"காட்டக்கூடிய பாவத்தை மட்டும் காட்டு" என்றார் மூப்பர் பிரான்சிஸ். மூப்பர் என்றால் பங்குச் சனங்களுக்குத் தலைவர். கிராண்ட்பாஸில் வீடு, கந்தோரில் கிளாக்காக இருந்து ஓய்வு பெற்றவர்.

அதைப் போய் றெஜினா தன் புருசனிடம் சொல்லியிருக்கிறாள். அவன் கட்டிலில் கிடந்தபடியே, "அரைவாசிப் பாவம் அவருக்கு விளங்காதெண்டா நல்லதுதானே, நான் கொஞ்சம் பொறுத்திருந்து அவரிட்டையே சொல்லுறன்" என்றானாம்.

அந்த மனிதன் அந்தோனி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன், எனக்குச் சின்ன வயதில் இருந்து கூட்டாளி. கஸ்பார் சுவாமிக்கு முன்னே இருந்த ஒரு சுவாமி, குடிக்கிறான் என்று பிரசங்கத்தில் அவன் பெயரைச் சொல்லி ஏசிவிட்டார். அன்றைக்கு நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்குவதை நிறுத்தினான். ஞாயிறு தவறாமல் வருவான், கடைசிக் கதவடியில் நின்றபடியே பூசை காண்பான், நன்மை நேரம் வெளியே போய்விடுவான். இருபது வருடம். இப்போது நெஞ்சு வியாதி முற்றி, டொக்டர் அவனை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை கஸ்பார் சுவாமி போய் அவனுடைய பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டார். நான் வெளியே திண்ணையில் குந்தியிருந்தேன். முடிந்ததும் உள்ளே கூப்பிட்டார்.

"அந்தோனிக்கு நாளைக்கு மூண்டு மணிக்கு நன்மை கொண்டுவாறம், சவிரி. அதுதான் இந்தப் பங்கில என்ர கடைசி வேலை. அஞ்சு மணிக்குப் புதுச் சுவாமியிட்டைப் பாரம் குடுக்கிறன்."

"இண்டைக்கே குடுக்கலாமே, சுவாமி" என்றேன்.

அந்தோனிதான் மறுத்தான். மூச்சு இழுத்து இழுத்துச் சொன்னான். "இருவது வருசம் வாங்காதவன்டா. இப்பிடியே சாரத்தோட கிடந்து வாங்கமாட்டன். நாளைக்கு மேல் கழுவி, வெள்ளைச் சட்டை போட்டு, இருந்து வாங்கோணும்."

"படுத்திருந்து வாங்கினா ஆண்டவர் வரமாட்டாராமோ?" என்றாள் றெஜினா.

"நீ சட்டைக்கு ஸ்திரிக்கை போடு."

சனிக்கிழமை காலைப் பூசை முடிந்தது. சுவாமி பேழையைப் பூட்டித் திறப்பை என் கையில் வைத்தார். நான் சக்கிரீஸ்துவுக்குள் போனேன். இரும்புப் பெட்டியைத் திறந்து மூடினேன். திறப்பைப் பெட்டியில் வைக்கவில்லை. என் சாரத்து மடியில் செருகினேன். திரும்பி வந்து தலையாட்டினேன். அவர் உடுப்பைக் கழற்றினார்.

அந்தோனியின் நினைவு எனக்கு இல்லாமல் இருந்தது என்று எழுதினால் பொய். இருந்தது. மூன்று மணிக்கு முன்னே கொண்டுவந்து அந்தோனிக்கு எடுத்துக் கொடுத்துவிட்டு, ஐந்து மணிக்கு மட்டும் காணவில்லை என்று சொல்லலாம் என்று கணக்குப் போட்டேன். அப்படியென்றால் அதைக் கேற்றுக்கு வெளியே ஏன் கொண்டுபோனேன்? மூப்பருக்குக் காட்டத்தான். பங்குச் சபை பெட்டிசம் எழுதி ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் வகுப்புப் படித்த சவிரி ஒரு விரல் நீளத் திறப்பால் மாற்றத்தை நிறுத்தினான் என்று அந்த மனிதர் தன் வாயால் சொல்வதைக் கேட்க விரும்பினேன். வேறு காரணம் இல்லை.

கிராண்ட்பாஸுக்கு நடந்தே போனேன். மூப்பர் சோற்றுக் கோப்பைக்கு முன்னே இருந்தார். மடியில் இருந்து குஞ்சத்தை இழுத்துக் காட்டினேன். அவர் பிசைந்த கையை அப்படியே வைத்துவிட்டார்.

"அடேய் சவிரி, உனக்கென்ன விசரா? ஆண்டவரை உள்ளுக்க வைச்சுப் பூட்டிப்போட்டுத் திறப்போட ரோட்டில திரியிறாய்."

"புதுச் சுவாமி வேண்டாமெண்டு நீங்கதானே, மூப்பர்…"

"வேண்டாமெண்டனான்தான். ஆண்டவரைக் களவெடுத்துக்கொண்டு வா எண்டனானா? ஓடு. திரும்பிப் பார்க்காம ஓடு."

ஓடினேன். சந்திக்கு வருவதற்குள் இரண்டு பக்கமும் ட்ரக் வந்து நின்றது. சுற்றிவளைப்பு. அந்த நாளில் அது புதினம் இல்லை. எங்கேயாவது குண்டு வெடித்தால் மறுநாள் எங்கள் பக்கத்துச் சந்திகளில் ஆள் பிடிப்பார்கள். ஆம்பிளைகளை எல்லாம் வரிசையில் நிறுத்தி, ஒரு பள்ளிக்கூட மைதானத்துக்குக் கொண்டுபோனார்கள். அடையாள அட்டையைக் கொடுத்தேன். கொட்டாஞ்சேனை விலாசம், பிழை ஒன்றும் இல்லை. மடியைத் தட்டிப் பார்த்தபோது திறப்பு வந்தது.

"மேக்க மொக்கே யதுரத?" இது எதனுடைய திறப்பு என்று கேட்டான் சார்ஜன்.

நான் சிங்களம் தண்ணிபோலப் பேசுவேன். கோவில் பேழைத் திறப்பு, உள்ளே ஆண்டவர் இருக்கிறார் என்று சொன்னேன். அவன் மேசையில் இருந்த இன்ஸ்பெக்டரைப் பார்த்தான். இவ்வளவு நன்றாகச் சிங்களம் பேசுகிற தமிழன் பொன்நிறத் திறப்பை மடியில் ஒளித்து வைத்துக்கொண்டு கடவுள் கதை சொல்கிறான் என்று அவரிடம் சொன்னான். வங்கிப் பெட்டகத் திறப்போ, வெடிமருந்துப் பெட்டித் திறப்போ என்று அவர்களுக்குச் சந்தேகம். என்னை மற்றவர்களில் இருந்து பிரித்து, மேசைக்குப் பக்கத்தில் வெயிலில் குந்தவைத்தார்கள். திறப்பு மேசையில் கிடந்தது, குஞ்சம் கீழே தொங்கியது. காவலுக்கு நின்ற பொலிஸ்காரனின் மணிக்கூடு என் கண்ணுக்கு நேரே இருந்தது. இரண்டு மணி. இரண்டரை. மூன்று.

மூன்றே முக்காலுக்கு வெள்ளை அங்கியுடன் ஒருவர் மைதானத்துக்குள் நடந்து வந்தார். கட்டையானவர், முப்பத்தைந்து வயது இருக்கும், ஓடி வந்திருக்கவேண்டும், மூச்சு வாங்கியது. அவரை நான் முன்பின் கண்டதில்லை. என்னை அவர் பார்க்கவே இல்லை. நேராக மேசைக்குப் போய்த் திறப்பைப் பார்த்தார்.

"இது என்னுடைய கோவில் திறப்பு" என்றார் சிங்களத்தில்.

என்னுடைய கோவில் என்றார். இன்னும் அவர் கையில் நாங்கள் கோவிலைக் கொடுக்கவில்லை.

"இது எதைத் திறக்கிறது, ஃபாதர்?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"ஒரு நோயாளிக்குக் கொடுக்கவேண்டிய சாப்பாடு இருக்கிற பெட்டியை. அந்த மனிதர் இப்போது செத்துக்கொண்டிருக்கிறார்."

இன்ஸ்பெக்டர் திறப்பை இரண்டு விரலால் தூக்கிக் கொடுத்தார். "அந்த மனிதனையும் கூட்டிக்கொண்டு போங்கள்" என்று என்னைக் காட்டினார்.

நடந்தது இதுதான். மூன்று மணிக்குக் கஸ்பார் சுவாமி இரும்புப் பெட்டியைத் திறந்தார். திறப்பு இல்லை, நானும் இல்லை. தேடிக்கொண்டிருக்கும்போதே அந்தோனிக்கு மூச்சுத் தடுமாறுகிறது என்று ஆள் வந்தது. அவர் ஓடிப்போய் எண்ணெய் பூசி, அவஸ்தை மந்திரம் சொன்னார். நன்மைதான் இல்லை. புதிதாகப் பூசை வைத்து அப்பத்தை எழுந்தேற்றிக் கொண்டுவருகிறேன் என்று றெஜினாவிடம் சொல்லிவிட்டுக் கோவிலுக்குத் திரும்பினார். அந்த நேரம் நீர்கொழும்புப் பக்கத்தில் இருந்து ஒரு பஸ் நிறையச் சனம் சுனில் ஃபாதரைக் கொண்டுவந்து இறக்கியது. சந்தியில் சுற்றிவளைப்பு, சங்கிலித்தாமைக் காணவில்லை, திறப்பையும் காணவில்லை என்றதும், அந்த மனிதர் ஒரு பிளேன்டீகூடக் குடிக்காமல் மைதானத்துக்கு வந்திருக்கிறார்.

நாங்கள் ஓட்டோவில் கோவிலுக்கு வந்தபோது கஸ்பார் சுவாமி பீடத்தில் நின்றார். பூசை பாதியில் இருந்தது. வளவெல்லாம் அந்தக் கரையூர்ச் சனம். எங்களைக் கண்டதும் சுவாமி பூசையை நிறுத்தவில்லை. கண்ணால் பேழையைக் காட்டினார். சுனில் ஃபாதர் திறந்தார். மணி அடிக்கவில்லை. ஒரு நன்மையை எடுத்துச் சின்னப் பெட்டியில் வைத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். நோயாளிக்கு நன்மை போகும்போது சங்கிலித்தாம் முன்னே கைமணி அடித்துப் போகவேண்டும். அடித்துக்கொண்டு ஓடினேன். தோட்டத்து ஒழுங்கையில் தண்ணீர்க் குழாயடியில் நின்றவர்கள் முழங்காலிட்டார்கள்.

றெஜினா வாசலில் நின்றாள்.

"முடிஞ்சுது, அண்ணை" என்றாள். "இப்பதான்."

அந்தோனி வெள்ளைச் சட்டையோடு, இரண்டு தலையணைக்குச் சாய்ந்து இருந்தான். கொலர் பொத்தான் வரைக்கும் போட்டிருந்தது. சுனில் ஃபாதர் பெட்டியை மேசையில் வைத்து முழங்காலிட்டார். தமிழில் சொல்லப் பார்த்தார், வரவில்லை. சிங்களத்தில் சொன்னார். றெஜினா தமிழில் பதில் சொன்னாள். நான் இரண்டு பேருக்கும் பின்னே மணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பாரம் கொடுத்தல் ஆறு மணிக்கு நடந்தது. அதற்கு முன்னே சக்கிரீஸ்துவுக்குள் கஸ்பார் சுவாமி என்னைக் கேட்டார். மிக மெல்லக் கேட்டார்.

"சவிரி, அந்தத் திறப்பு உன்ர மடியில ஏன் இருந்தது?"

முழங்காலில் விழுந்து பாவசங்கீர்த்தனமாகவே சொன்னேன். பன்னிரண்டு வருடத்தில் அவர் என்னை அடிக்கக் கை ஓங்கியதில்லை. அன்று அடித்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அபராதமாக இரண்டு சொன்னார். ஒன்று, இன்றைக்குத் தட்டைக் கொண்டுபோகிறவன் நீதான். வருகிறவருக்கு எனக்குச் செய்ததில் ஒரு நூல்கூடக் குறையாமல் செய். மற்றது, உனக்குப் பெலன் வருகிற அன்றைக்கு றெஜினாவிடம் சொல்.

முதலாவதை உடனே செய்தேன். தட்டில் திறப்பைக் கொண்டுபோனபோது அந்தக் கரையூர்ச் சனத்தில் ஒரு கிழவி என் சட்டையைப் பிடித்து இழுத்து, எங்கள் ஃபாதருக்கு மழைக்குத் தலை நனைந்தால் காய்ச்சல் வரும், பார்த்துக்கொள் மல்லி என்று சிங்களத்தில் என்னைத் தம்பியாக்கி அழுதாள். எங்கள் பக்கத்தில் கஸ்பார் சுவாமிக்கு அழுதுகொண்டிருந்தார்கள். ஒரே கோவிலுக்குள் இரண்டு பங்கு, இரண்டும் தன் தன் சுவாமியை இழந்துகொண்டிருந்தது. சுனில் ஃபாதர் ஏற்கெனவே திறந்த பேழையை மறுபடி திறந்தார். ஓடிப்போய் மணியடித்தேன்.

இரண்டாவதைச் செய்ய எனக்கு ஆறு வருடம் எடுத்தது. ஏன் என்றால், மறுநாள் காலைக்கே ஊரெல்லாம் வேறு கதை. சங்கிலித்தாம் திறப்பைக் காப்பாற்ற மடியில் வைத்திருந்தாராம், பொலிஸ் அடித்தும் கொடுக்கவில்லையாம். ஒருவரும் என்னை அடிக்கவில்லை. ஆனால் நானும் மறுத்துச் சொல்லவில்லை. உண்மை தெரிந்த மூப்பர் அடுத்த மாதமே மகளோடு இந்தியாவுக்குப் போய்விட்டார். பங்கு விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். குனிந்து வாங்கிக்கொண்டேன்.

சுனில் ஃபாதர் நல்ல சங்கிலித்தாமுக்கு ஏற்ற நல்ல சுவாமி. தமிழ்ப் பிரசங்கத்தைச் சிங்கள எழுத்தில் எழுதி வைத்து வாசிப்பார். முதல் வருடம் சனம் வாயைப் பொத்திச் சிரித்தது. மூன்றாம் வருடம் சிரிப்பு நின்றது. பொலிஸ் வாங்கிலே அவரும் போய் உட்கார்ந்தார். சிங்களவர் என்றபடியால் கதவு சுகமாகத் திறந்தது என்று நினைக்காதீர்கள், "நீங்களுமா, ஃபாதர்?" என்று அவரைக் கேட்ட கேள்விகளை நான் பக்கத்தில் நின்று கேட்டவன். சில பேரை மீட்டார். சில பேரை மீட்க முடியவில்லை. அன்றைக்கெல்லாம் சாப்பிடமாட்டார்.

இனி றெஜினா. நன்மை நேரம் ஒவ்வொருவர் நாடிக்குக் கீழேயும் தட்டைப் பிடிக்கிறவன் நான். பங்கில் யார் நன்மை எடுக்கிறார்கள், யார் எடுக்கவில்லை என்று எனக்குத் தெரிகிற அளவுக்குச் சுவாமிக்கே தெரியாது. அந்தோனியை அடக்கம் செய்த நாளில் இருந்து றெஜினா வரிசைக்கு வரவில்லை. ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருவாள். நன்மை நேரம் வாங்கில் குனிந்து இருப்பாள். புருசனைப் போல ரோசம், ஆண்டவரோடு கோபம் என்றுதான் சனம் நினைத்தது. அந்தக் கோபத்துக்குச் சொந்தக்காரன் தட்டோடு முன்னே நிற்கிறான் என்று எனக்குத் தெரியும். ஆறு வருடம் அவள் இருந்த பக்கத்தை நான் நிமிர்ந்து பார்த்ததில்லை.

யுத்த நாளில் வெளிநாடு போகிறவர்கள் யாருக்கும் சொல்லிக்கொண்டு போவதில்லை. ஒருவருக்குத் தெரிந்தால் ஒன்பது பேருக்குத் தெரியும், பயணம் பிழைக்கும் என்று பயம். ஆனால் எயார்போட்டுக்குப் போகிற வழியில் வேனைக் கோவிலடியில் நிறுத்துவார்கள். நான் பக்கக் கதவைத் திறந்துவிடுவேன். ஐந்து நிமிடம் முழங்காலிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த வாங்கு வெறுமையாக இருக்கும்போதுதான் மற்றவர்களுக்குத் தெரியவரும். அப்படி எத்தனையோ குடும்பத்துக்குக் கதவு திறந்திருக்கிறேன்.

ஒரு புதன்கிழமை பகல் பதினொரு மணிக்கு வேன் வந்து நின்றது. றெஜினா இறங்கினாள். கனடாவில் இருக்கும் மகள் கூப்பிட்டிருந்தாள். புதுச் சப்பாத்து காலைக் கடித்திருக்கவேண்டும், நொண்டி நொண்டி வந்தாள்.

"அண்ணை, கதவைத் திறவுங்கோ. அவரிட்டைச் சொல்லிப்போட்டுப் போப்போறன்."

கதவைத் திறக்காமல் குறுக்கே நின்றேன். இன்றைக்கு விட்டால் இனி இல்லை. நின்ற நிலையிலேயே எல்லாம் சொன்னேன். தலையாட்டியதை, கிராண்ட்பாஸ் போனதை, மூப்பருக்குக் குஞ்சம் காட்டியதை, பொன்னாடையை. ஒன்றையும் சுருக்கவில்லை.

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். வேன்காரன் ஹோர்ன் அடித்தான். கையைக் காட்டி நிறுத்தினாள்.

"சுவாமி பூசை வைக்கப் போயிட்டார்" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. "அறைக்குள்ள நானும் அவரும்தான். 'வந்திட்டாரா, வந்திட்டாரா' எண்டு கேட்டுக்கொண்டு கிடந்தார். கண் தெரியேல்லை அப்ப. வாயைத் திறந்து வைச்சிருந்தவர், அண்ணை. மூடமாட்டன் எண்டு திறந்து வைச்சிருந்தவர். மேசையில பாண் இருந்தது. ஒரு கிள்ளுக் கிள்ளி நாக்கில வைச்சன். 'கிறிஸ்துவின் சரீரம்' எண்டன். ஆம்பிளைக் குரலில சொன்னன். 'ஆமென்' எண்டார். பிறகு மூச்சில்லை."

நான் கீழ்ப்படியில் போய்க் குந்தினேன்.

"சாகக் கிடந்தவனுக்குப் பாணைக் குடுத்து ஆண்டவர் எண்டு சொன்னனான். அந்தப் பாவத்தோட நான் எப்பிடி வரிசையில வாறது?"

"பாவசங்கீர்த்தனத்தில சொல்லியிருக்கலாமே, தங்கச்சி. கஸ்பார் சுவாமியிட்டை, இல்லாட்டி இவரிட்டை."

"சொன்னா அவர் நன்மை வாங்காமப் போனவர் எண்டு ஆயிடும். நான் சொல்லாதமட்டும் அவர் வாங்கினவர்தான்."

கூட்டத்தில் கையால் பாவத்தைக் காட்டவா என்று கேட்டவள் இவள். ஆறு வருடம் வாயையே திறக்காமல் இருந்திருக்கிறாள். அவள் கிள்ளிய பாண் என் மடியில் இருந்த திறப்பால் வந்தது. அது என்னோடு மட்டும் நிற்கிற பாவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்னொருத்தியின் தலையில் ஒன்றை ஏற்றிவிட்டுத்தான் பொன்னாடை போர்த்திக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

சுனில் ஃபாதரைப் போய்க் கூப்பிட்டேன். எதற்கு என்று கேட்கவில்லை. அவரும் அவளும் பாவசங்கீர்த்தனத் தொட்டி என்கிற மரக்கூண்டுக்குள் போனார்கள். நான் வேன்காரனிடம் போய், இன்னும் கொஞ்சம் பொறு, செக்பொயின்ற்றில் நிற்பாய்தானே, இங்கேயும் நில் என்றேன். உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் கூடாது. அவள் வெளியே வந்தபோது முகம் வீங்கியிருந்தது. ஃபாதர் கையை நீட்டினார். நான் இரும்புப் பெட்டியில் இருந்து திறப்பைக் கொண்டுவந்து அந்தக் கையில் வைத்தேன். பேழையைத் திறந்தார். வெறும் கோவில், பகல் பன்னிரண்டு மணி, ஒருத்திக்கு மட்டும் நன்மை. தட்டை அவள் நாடிக்குக் கீழே பிடித்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துத் தட்டை நேராக்கிவிட்டு வாயைத் திறந்தாள்.

வேனில் ஏறும்போது, "என்னை மன்னிச்சிடு, தங்கச்சி" என்றேன்.

"அதுக்கு எனக்குக் கொஞ்சநாள் செல்லும், அண்ணை" என்றாள். "கோபமா இருக்கு. போய்ச் சேர்ந்து எழுதுறன்."

பதினொரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. நான் எழுத்துக் கூட்டி வாசிக்கிறவன். ஆனாலும் சுனில் ஃபாதரிடமும் கொடுக்கவில்லை, வேறு யாரிடமும் கொடுக்கவில்லை, இரண்டு நாள் எடுத்து நானே வாசித்தேன். குளிர் எலும்புக்குள் போகிறதாம். மகளுடைய பிள்ளைகளுக்குத் தமிழ் வரவில்லையாம். அங்கே நன்மையைக் கையில்தான் கொடுக்கிறார்களாம், தட்டுப் பிடிக்க ஆள் இல்லையாம். ஒவ்வொரு ஞாயிறும் வாங்குகிறாளாம். சப்பாத்து இப்போது காலைக் கடிக்கவில்லையாம். கடைசியில், எழுதுகிறேன் என்று சொன்னேன், எழுதிவிட்டேன் என்று போட்டுக் கையெழுத்து வைத்திருந்தாள்.

மன்னித்தேன் என்ற சொல் அதில் இல்லை. மலர்க் குழுவினர் இதைச் சுருக்கினால் என் மணியடிப்பை வெட்டுங்கள், பொன்னாடையை வெட்டவேண்டாம். அவள் எழுதாத அந்தச் சொல்லையும் நீங்களாகச் சேர்த்துவிடாதீர்கள்.